எட்டாவது ஆள்

வாத்தியாருக்குக் கோபம் வந்தால் முதலில் கால்தான் கிளம்பும். வாய் அதற்குப் பின்னால் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும். சபைக் கட்டடத்தில் டீ ஊற்றுகிறவர் முதல் சபாநாயகர் வரை இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? அன்று எனக்கு அவருடைய பேச்சும் வேண்டாம், கோபமும் வேண்டாம். அவர் உடம்பு மட்டும் ஒரு நாற்காலியில் சற்று நேரம் அசையாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அந்த உபகாரத்தைக்கூட அந்த மனிதர் எனக்குச் செய்யவில்லை.

நான் செலவினக் குழுவின் செயலர். கேட்கப் பெரிதாக இருக்கும். வேலை என்னவென்றால், தலைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, யார் வந்தார், யார் போனார், யார் ஆம் என்றார் என்று எழுதுவது. அரசாங்கப் பணம் செலவாகும் மசோதா எதுவானாலும் எங்கள் அறையைத் தாண்டாமல் சபைக்குப் போக முடியாது. குழுவில் பதினைந்து உறுப்பினர்கள். அவர்களில் எட்டுப் பேர் அறைக்குள் இருந்து 'ஆம்' சொன்னால் மசோதா விவாதத்துக்குப் போகும். இல்லையென்றால் எங்கள் இரும்பு அலமாரிக்குப் போகும். அந்த அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டு வருடமாகத் திறக்கவே வரவில்லை. உள்ளே என்னென்ன நல்ல காரியங்கள் மூச்சு முட்டிக் கிடக்கின்றனவோ, யாருக்குத் தெரியும்.

எனக்கு இன்னொரு விதியும் உண்டு. தலைவர் கேட்டாலொழிய செயலர் வாய் திறக்கக் கூடாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் அதை மீறியதில்லை. வீட்டில் நான் வாய் மூடுவதே இல்லை என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பகலெல்லாம் மூடி வைத்திருந்த வாய் சாயங்காலம் எங்கே போகும்?

அன்றைய நிகழ்ச்சியில் இரண்டே மசோதாக்கள். முதலாவது, துறைகளுக்கான துணைச் செலவு மசோதா. இரண்டாவது, கழிவுக் குட்டை மசோதா. ஆலைகள் கழிவுநீரைத் தேக்கிவைக்கும் குட்டைகளை மூட வேண்டும், சுற்றியுள்ள வீடுகளுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதில் இருந்த சங்கதி. சுற்றுச்சூழல் குழு அதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் எவ்வளவு செலவாகும் என்று நீங்கள் சொல்லுங்கள் என்று எங்களுக்கு அனுப்பினார்கள். எத்தனை குட்டை என்று தெரியாமல் செலவை எப்படிச் சொல்வது, அதை நீங்கள் சொல்லுங்கள் என்று நாங்கள் திருப்பி அனுப்பினோம். இரண்டு அறைகளும் ஒரே நடைபாதையில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. அவர்கள் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். ஆனால் கோப்பு நேராக நடைபாதையைக் கடக்கக் கூடாது. கீழ்த்தளத்துப் பதிவுப் பிரிவுக்கு இறங்கி, முத்திரை வாங்கி, மறுபடி மாடி ஏறி வரவேண்டும். இப்படியே ஒரு வருடம் பந்தாடினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் அந்தக் குட்டைகளில் ஒன்று என் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

இது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கு என் நாற்காலியில் வேறொருவரை உட்கார வைத்திருப்பார்கள். அது நியாயமும்கூட. நான் சொல்லவில்லை.

அண்ணன் மோட்டார் பம்பு பழுது பார்க்கிறவர். அந்த வீட்டை அவரே செங்கல் செங்கலாக வாங்கிக் கட்டினார். குட்டை வந்ததும் முதலில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளானது. பிறகு ஆழ்துளைத் தண்ணீரும். ஊரார் பம்பையெல்லாம் சரி செய்கிற மனிதர், தன் வீட்டுப் பம்பைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டார். இப்போது ஆலைக் கம்பெனி அந்த வரிசை வீடுகளை வாங்கிக்கொள்கிறோம் என்று வந்திருக்கிறது. வாங்குவதா அது? கோழிக்கூடு விலை. அதோடு, இனி எந்தக் காலத்திலும் எந்தப் புகாரும் சொல்ல மாட்டோம் என்று கையெழுத்தும் வேண்டும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் போட்டாகிவிட்டது. அண்ணன் மட்டும் போடவில்லை. அன்று சாயங்காலம் கடைசிக் கெடு.

காலையில் நான் புடவைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"பாப்பா, இன்னிக்குதானே?"

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"இன்னிக்குதாண்ணா."

"மசோதா சபைக்குப் போயிடுச்சுன்னு மட்டும் தெரிஞ்சா போதும். கம்பெனிக்காரனைப் போடான்னுடுவேன். போகலைன்னா சொல்லிடு, நான் ஒருத்தன் மட்டும் அங்க நின்னு என்ன பண்ண?"

அண்ணி போனைப் பிடுங்கினார். "அவர் சும்மா பயப்படுறார். நீ அங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை? அதோட நம்ம வாத்தியாரும் அந்தக் குழுவுலதான இருக்கார்?"

நம்ம வாத்தியார்! அவர்கள் தொகுதியின் உறுப்பினர் அவர்தான். முன்னே பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். அந்த விசில் குரல் இன்னும் போகவில்லை. குட்டையைப் பற்றி முதலில் சபையில் கத்தியதும் அவர்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். மனிதர் நல்லவர், கைசுத்தம். ஆனால் அவர் கட்சி பிறந்த நாளிலிருந்து எதிர்க்கட்சி வரிசையிலேயே இருந்தது. கத்துவது, காகிதத்தை வீசுவது, 'இதைக் கண்டித்து வெளிநடப்பு செய்கிறேன்' என்று கிளம்புவது, நடைபாதையில் நிற்கிற நிருபர்களிடம் பேட்டி கொடுப்பது. இதுவே அவருக்கு அரசியல். இந்த முறை அவர் கட்சி ஆளும் கூட்டணியில் சேர்ந்துவிட்டது. கட்சி இடம் மாறியது. அவர் கால்களுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. டீ ஊற்றுகிறவர் அவருக்கு வைத்த பெயர் 'கதவு'. வாத்தியார் வரும்போதெல்லாம், "கதவு திறந்தாச்சு, இனி எப்ப சாத்துமோ" என்பார்.

"வாத்தியார் இருக்கார் அண்ணி," என்றேன். "அவரைச் சேர்த்தாதான் எட்டு."

கூட்டணிக்குக் குழுவில் ஒன்பது பேர். ஒருவர் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார். மீதி எட்டு. இழுத்துப் பிடித்தால் எட்டு, விட்டால் ஏழு.

*

பதினோரு மணிக் கூட்டத்துக்குப் பத்தரைக்கே போய் உட்கார்ந்தேன். எங்கள் அறை நீளமானது. நடுவில் குதிரை லாட வடிவில் ஒரு மேஜை. ஏசி இரண்டு, ஒன்று ஓடாது, மற்றது ஓடினால் யார் பேசுவதும் கேட்காது. அறைக்கு ஒரே வாசல். அதில் கண்ணாடி பதித்த ஆட்டக் கதவு. தள்ளிவிட்டுப் போனால் முன்னும் பின்னும் சற்று நேரம் ஆடிவிட்டு நிற்கும். வாசலை நேராகப் பார்க்கும் நாற்காலி என்னுடையது. தலைவருக்கு வாசல் வலது தோளுக்குப் பின்னால்.

வாத்தியாரை வாசலிலிருந்து தூரமாக, சுவரோரம் உட்கார வைக்க வேண்டும் என்று முதல் நாளே நினைத்துவைத்திருந்தேன். பெயர்ப் பலகையை அங்கே மாற்றியும் வைத்தேன். வந்தவர் பலகையைத் தூக்கிக்கொண்டு தன் பழைய இடத்துக்கே, வாசல் பக்கத்துக்கே போய்விட்டார்.

"தங்கச்சி, எனக்கு இந்த இடம்தான் ராசி," என்றார். அவருக்கு உலகத்துப் பெண்கள் எல்லோரும் தங்கச்சி.

ஒவ்வொருவராக வந்தார்கள். கூட்டணிக்காரர்களை மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஐந்து, ஆறு. ஏழாவது ஆள் வந்தார், பையை வைத்தார், கழிப்பறைக்குப் போனார். போனவர் வரவில்லை. பையை எண்ணிக்கையில் சேர்க்க விதியில் இடமில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தார். தலைவர் கடைசியாக வந்தார். ஆக எட்டு.

தலைவர் பல் டாக்டர். அரசியலுக்கு வந்து நாளாகியும் தொழில் பழக்கம் விடவில்லை. ஒரு வேலையை எடுத்தால் தலை குனிந்தால் குனிந்ததுதான். முடிக்கும்வரை நிமிர மாட்டார். மசோதாவின் பெயரையும், ஒப்புக்கொள்கிறீர்களா என்ற கேள்வியையும் மூக்குக்கு அருகில் தாளைப் பிடித்து ஒரே மூச்சில் வாசிப்பார். வாசித்து முடித்ததும்தான் அறையில் யார் இருக்கிறார்கள் என்றே பார்ப்பார்.

எதிர்ப்பக்கம் மூன்று பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் பிஸ்கட்டுக்கு. ஒருவர் மட்டும் வேலைக்கு. அவர் வக்கீல். குரலை உயர்த்தாதவர். எல்லா விதியும் மனப்பாடம். ஆலைக்காரர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் என்று பேச்சு. அதெல்லாம் எனக்கெதற்கு? எனக்குத் தெரிந்தது, அவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, உடனே வாத்தியாரையும் வாசலையும் ஒரு முறை பார்த்தார் என்பதுதான். 

செலவு மசோதா வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனது. அதில் எல்லோருடைய தொகுதிக்கும் ஏதோ ஒன்று இருந்தது. யாருக்குச் சாலை, யாருக்குப் பாலம். 'ஆம்' என்ற சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. இவ்வளவு பெரிய தொகைக்கு ஐந்து நிமிடம். குட்டைக்கு ஒரு வருடம். எனக்கு எரிந்தது.

பிறகு தலைவர் இரண்டாவது கோப்பைப் பிரித்தார். "கழிவுக் குட்டை மசோதா. யாராவது பேசணுமா? பேசலைன்னா நேரா கேள்விக்குப் போயிடலாம்."

யாரும் பேசவில்லை. கடவுளே, யாரும் பேச வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஒரே ஒரு வார்த்தை," என்றார் வக்கீல்.

எழுந்துகூட நிற்கவில்லை. பேனாவை மூடிக்கொண்டே பேசினார். "எனக்கு இந்த மசோதா மேல ஒண்ணும் கோபமில்ல. வாத்தியார் ஐயாவை நினைச்சாதான் வருத்தமா இருக்கு. எதிர்க்கட்சியில இருந்தவரைக்கும் என்ன குரல், என்ன வேகம்! இப்போ பாருங்க, ஒரு வருஷமா இந்தக் கோப்பு இங்கயும் அங்கயும் அலையுது, ஐயா ஒரு வார்த்தை கேட்கல. ஆளுங்கட்சி நாற்காலி அவ்வளவு மெத்துனு இருக்கு போல. இது தேர்தலுக்கு முன்னால போடுற நாடகம். அதுல ஐயாவுக்கு உட்கார்ந்துகிட்டே இருக்கிற வேஷம்."

உண்மையில் அவர் சொன்னதில் பாதி எனக்கே தோன்றியதுதான். ஆனால் அதையா இப்போது யோசிக்க முடியும்? நான் வாத்தியாரின் கால்களைப் பார்த்தேன். செருப்பு தரையில் தேய்ந்தது.

"நாடகமா?" என்றார் வாத்தியார். கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்தன. "எங்க ஜனங்க விஷத்தைக் குடிக்கிறாங்க, உனக்கு நாடகமா?"

"வாத்தியாரே, உட்காருங்க," என்றார் தலைவர், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். அவருக்கு இது தினப்படி சத்தம். கேள்வியை வாசிக்கத் தொடங்கினார். "ஆகவே இந்தக் குழு, கழிவுக் குட்டைகள் மூடுதல் மற்றும் குடிநீர் வழங்கல் மசோதாவை..."

வாத்தியார் எழுந்துவிட்டார். காகிதங்களை மேஜையில் அறைந்தார். "இந்த அவமானத்தைக் கண்டித்து..."

வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

"...வெளிநடப்பு செய்கிறேன்!"

செயலர் வாய் திறக்கக் கூடாது. நான் பேனாவால் தம்ளரைத் தட்டினேன். தலைவர் காதோரம் கையை வீசினார், கொசு என்று நினைத்தார் போலிருக்கிறது. மறுபடி தட்டினேன். அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். "...திருத்தமின்றி, சபையின் விவாதத்துக்கு அனுப்ப ஒப்புக்கொள்கிறதா?" அவர் காலை மிதித்திருக்கலாம். மேஜை மேல் ஏறி நின்று கத்தியிருக்கலாம். இத்தனை வருடம் விதியைக் கட்டிக்கொண்டு அழுதவளுக்கு அந்த நேரத்தில் தம்ளரைத் தட்டத்தான் தெரிந்தது.

கதவு ஆடிக்கொண்டிருந்தது. வாத்தியார் அந்தப் பக்கம் இருந்தார்.

"ஆதரிப்பவர்கள் ஆம் சொல்லலாம்."

'ஆம்' என்ற முணுமுணுப்பு மேஜையைச் சுற்றி எழுந்தது. அதோடு கூட, கதவுக்கு வெளியே நடைபாதையிலிருந்து விளையாட்டு மைதானமே அதிர்கிற மாதிரி ஒரு குரல்: "ஆம்!"

மனிதருக்குக் காது நன்றாகக் கேட்கும். மசோதா மேல் அவருக்குப் பிரியமும் உண்டு. எங்கே நிற்கிறோம் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

தலைவர் நிமிர்ந்தார். "எண்ணிக்கை?"

நான் வாயைத் திறப்பதற்குள் வக்கீல் மெதுவாகச் சொன்னார். "ஏழு, தலைவர் அவர்களே. எட்டாவது ஆள் அறைக்குள்ள இல்ல."

தலைவர் வலது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். காலி நாற்காலி. கதவு இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. விதிப்படி, இப்படி ஒரு தகராறு வந்தால் செயலர் சொல்வதுதான் முடிவு. யார் உள்ளே, யார் வெளியே என்று அறிவிக்க என்னைத்தான் அங்கே சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

"செயலர் சொல்லுங்க," என்றார் தலைவர். கண்ணாலேயே கெஞ்சினார். "கேள்வி கேட்டப்போ வாத்தியார் உள்ள இருந்தாரா, வெளிய இருந்தாரா?"

அண்ணன் வீட்டு மூலையில் கிடக்கும் பம்பு நினைவுக்கு வந்தது. நான் பொய் சொன்னேன்.

"உள்ளதான் இருந்தார்," என்றேன். "ஆம் சொல்லிட்டுதான் போனார். எட்டு."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நடுங்கவில்லை. வக்கீல் என்னைக் கூர்ந்து பார்த்தார். கோபமாக அல்ல, ஆச்சரியமாக.

"மேடம், நீங்க சொன்னா நான் மறுபேச்சு பேச முடியாது. நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"யோசிச்சுதான் சொல்றேன்."

தலைவர் பெருமூச்சு விட்டார். பேனாவைத் திறந்தார். "செயலர் எட்டுன்னு சொல்லியாச்சு. ஆகவே மசோதா..."

கதவைத் தள்ளிக்கொண்டு வாத்தியார் உள்ளே வந்தார். முகம் மலர்ந்திருந்தது. வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நடைபாதையில் கேமரா வெளிச்சம் அணைந்தது.

வக்கீல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ரொம்பக் கரிசனமாகக் கேட்டார். "வாங்க ஐயா. உங்க வெளிநடப்பு கணக்குல சேராதாம். நீங்க வெளிய போகவே இல்லன்னு பதிவாகப் போகுது. சும்மா எழுந்து நின்னு கத்திட்டு, உள்ளயே இருந்துட்டீங்களாம்."

பாவி மனிதன். எங்கே குத்தினால் எங்கே துள்ளும் என்று தெரிந்து வைத்திருக்கிறான்.

"யார் சொன்னது?" வாத்தியாரின் மீசை துடித்தது.

"ஐயா," என்றார் தலைவர். "ஐயா, கொஞ்சம் உட்காருங்க." ஒரு கண்ணைச் சிமிட்டினார். இரண்டையும் சிமிட்டினார். பக்கத்திலிருந்தவர் வாத்தியாரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் அவரையே பார்த்தேன். தங்கச்சி என்றாயே, ஒரு தடவை இந்தத் தங்கச்சி முகத்தைப் பார் என்று மனதுக்குள் கத்தினேன்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. சட்டையை உதறிக்கொண்டார்.

"என் வாழ்நாள்ல நான் போலி வெளிநடப்பு பண்ணினதே கிடையாது! போனா முழுசா போவேன். கேள்வி வாசிக்க ஆரம்பிக்கும்போதே நான் வெளிய! நிருபர்களைக் கேளுங்க. பேட்டியே குடுத்தாச்சு, டிவியில நேரடியா போயிட்டிருக்கு. நான் வெளிநடப்பு செய்தேன். பதிவு பண்ணுங்க!"

 ஓடுகிற ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"உறுப்பினரே சொல்லிட்டார்," என்றார் வக்கீல். "அப்போ ஏழு."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஏழு," என்றார். "மசோதா தோற்றது."

வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. "என்னது தோத்துச்சா? எது தோத்துச்சு? நான்தான் ஆம் சொன்னேனே! இப்போ உள்ளதான இருக்கேன்? இன்னொரு தடவை கேளுங்க!"

"ஒரு தடவை கேள்வி வெச்சு முடிவு சொல்லிட்டா, அதே கூட்டத்தொடர்ல திரும்ப வைக்க முடியாது," என்றார் தலைவர். களைத்துப்போன குரல். "இது கடைசித் தொடர். அடுத்தது தேர்தல். அதுக்கப்புறம் எல்லாம் மொதல்லேர்ந்து. கூட்டம் முடிந்தது."

உறுப்பினர்கள் எழுந்தார்கள். நாற்காலிகள் தரையில் இழுபட்டன. யாரோ பிஸ்கட் தட்டை எட்டி எடுத்தார். வாத்தியார் மட்டும் உட்கார்ந்தார். இப்போது உட்கார்ந்தார்! ஐந்து நிமிடத்துக்கு முன்னால் வராத அசைவற்ற நிலை இப்போது வந்துவிட்டது. அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இல்லை. தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

*

என் அறை நடைபாதையின் கோடியில் இருக்கிறது. போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். வக்கீல் கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"மேடம், பயப்படாதீங்க. எண்ணிக்கை விஷயத்தை நான் பெரிசுபடுத்த மாட்டேன். அவசரத்துல யாருக்கும் கண் தப்பும். நடக்கிறதுதான்."

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்? பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள், ஜெயித்தவனிடம் கும்பிடு போட்டு நிற்க வேண்டியதாயிற்று. அவர் போன பிறகு, பொய் சொன்னதற்காக எனக்கு வெட்கமாக இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்தது. அது பலிக்காமல் போனதற்கு அதைவிட அதிகமாக இருந்தது.

கூட்டக் குறிப்பை எழுத ஆரம்பித்தேன். பாதியில் வாத்தியார் வந்து நின்றார். துண்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். அந்த விசில் குரலைக் காணவில்லை.

"தங்கச்சி, ஒரு உதவி."

"சொல்லுங்க."

"அந்த வெளிநடப்பு இருக்கில்ல. அதைக் குறிப்புல எழுதாம விட முடியுமா? ஏழுன்னு மட்டும் இருக்கட்டும். உடம்பு சரியில்லாம வெளிய போனார்னு வேணா போட்டுக்கோ. தொகுதிக்காரங்க கண்ணுல பட்டா..."

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்பல்ல.

"ஐயா, அரை மணி முன்னால நான் அதையேதான் செய்யப் பார்த்தேன். நீங்க உள்ள இருந்தீங்கன்னு எல்லார் முன்னாடியும் பொய் சொன்னேன். நீங்கதான் விடல."

"கோபத்துல சொல்லிட்டேம்மா."

"உங்களுக்குக் கோபம் வந்தா எங்களுக்குத் தண்ணி போயிடுதே ஐயா. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, திட்டு வாங்கிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாதா? மானம் போனா போகட்டும்னு உட்கார்ந்திருக்கக் கூடாதா?"

செயலர் ஓர் உறுப்பினரிடம் இப்படிப் பேசக் கூடாது. பேசிவிட்டேன். அவர் 'எங்களுக்கு' என்ற சொல்லைக் கவனித்தாரா தெரியவில்லை. துண்டை இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

"நான் அந்த ஜனங்களுக்காகத்தான் தங்கச்சி போனேன். சத்தியமா."

"தெரியும்," என்றேன். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். "வெளிநடப்பை எழுதியாச்சு ஐயா. நீங்க சொன்ன வார்த்தை ஒண்ணுகூட விடாம."

அவர் திரும்பி நடந்தார். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அண்ணனுக்கு நான்தான் கூப்பிட வேண்டும். போனை எடுப்பேன், வைப்பேன். கையொப்பத்துக்கு வந்த கோப்புகளையெல்லாம் தேவையில்லாமல் அடுக்கினேன். மேஜையைத் துடைத்தேன். சாயங்காலம் வெயில் இறங்கும்போது அவரே கூப்பிட்டுவிட்டார்.

"பாப்பா!" குரலில் அப்படியொரு உற்சாகம். "பார்த்தோம், பார்த்தோம்! டிவியில மறுபடி மறுபடி காட்டுறான். நம்ம வாத்தியார் என்னமா பேசினார்! எங்க ஜனங்க விஷம் குடிக்கிறாங்கன்னு சொல்லும்போது உங்க அண்ணி அழுதுட்டா. தெருவே நம்ம வீட்டுலதான் உட்கார்ந்திருக்கு. கையெழுத்து போட்டவனெல்லாம் அவசரப்பட்டுட்டோமேன்னு தலையில அடிச்சுக்கிறான். கம்பெனி ஆள் வாசல்ல வந்து நிக்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்லணும்னு உன் வாயால கேட்டுட்டா, நான் பாத்துக்கிறேன். மசோதா போயிடுச்சுதானே?"

பின்னால் டிவி அலறியது. வாத்தியாரின் குரல்தான். யாரோ கை தட்டினார்கள்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளி வா."

"ஏன், என்ன?"

"போகலண்ணா. தோத்துடுச்சு."

"என்ன சொல்றே? டிவியில..."

"எட்டுப் பேர் வேணும்ணா. ஏழு பேர்தான் உள்ள இருந்தாங்க."

அண்ணன் எழுந்தார் போலிருக்கிறது. டிவி சத்தம் கொஞ்சம் தூரமானது. வீட்டுக்குப் பின்பக்கம், அந்தக் கழற்றிப்போட்ட பம்பு இருக்கும் மூலைக்கு வந்திருப்பார்.

"எட்டாவது ஆள் எங்க போயிட்டான்? பணம் வாங்கிட்டானா?"

"இல்லண்ணா."

"அப்புறம் யாருன்னு சொல்லேன், பாப்பா."

"டிவியில பேசிட்டு இருக்காரே, அவர்தாண்ணா."

என்ன நடந்தது என்று முழுதும் சொன்னேன். நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். வாத்தியார் அதை எப்படி உடைத்தார் என்பதையும் சொன்னேன்.  முடித்த பிறகு அண்ணன், "நீ என்ன பண்ணுவே, விடு," என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போனை நிறுத்த மறந்துவிட்டார். அவர் நடப்பது கேட்டது. அண்ணி, "என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அண்ணன், "அதை மொதல்ல அணை," என்றார். யாரோ டிவியை அணைத்தார்கள். வாத்தியார் பாதி வாக்கியத்தில் நின்றார். 

அப்புறம் வாசல் பக்கமிருந்து அண்ணனின் குரல் வந்தது. யாரிடமோ ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"எங்க சார் போடணும்?"